காட்டின் கணக்கும் திறைசேரியின் கணக்கும்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம்மவர் வாயில் வழங்கும் முதுமொழி. வித்திடுவதற்கும் விளைவதற்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிடும் வேலைகள் பனை நடுவதைத் தவிர வேறும் உள. ஒரே காட்டை, ஒரே ஏரியை, ஒரே வயலை ஆண்டாண்டாக அளந்து பதிவு செய்துவரும் நீண்டகாலச் சூழலியல் ஆராய்ச்சி அத்தகையதொரு வேலையாகும். அதற்கு வேண்டிய பணத்தைப் பெரும்பாலும் கொடுப்பவை அரசாங்கங்கள். அரசாங்கங்களின் கணக்கோ ஆண்டுக்கொரு முறை மூடப்படுவது. காட்டின் கணக்கும் திறைசேரியின் கணக்கும் இவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தாமையால் நேரும் கேட்டினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. 2025ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் 2026ஆம் நிதியாண்டுக்கென முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில், அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றத்துக்குக் கிடைத்து வந்த ஏறக்குறைய 900 கோடி டொலர், 400 கோடிக்கும் கீழாகக் குறைக்கப்படவேண்டுமென்று கூறப்பட்டிருந்தது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா அவதான நிலையத்துக்குரிய பணமும் நின்றுவிடக்கூடிய நிலை அதே திட்டத்தில் தோன்றியது. பணத்தை ஒதுக்கும் அதிகாரம் அந்நாட்டில் காங்கிரசுக்கே உரியதாதலின், முன்மொழிந்தவை யாவும் நடைமுறையாகிவிடுவதில்லை. எனினும், பல பதிற்றாண்டுகளாக நடந்துவரும் ஒரு பதிவு ஓராண்டுத் திட்டத்தின் ஒரு வரியால் நின்றுபோகக்கூடும் என்பதை உலகம் மறுபடியும் கண்டுகொண்டது. இந்நிலை ஓர் அரசாங்கத்தோடு வந்து ஓர் அரசாங்கத்தோடு போவதன்று. இவ்வாராய்ச்சிக்குப் பணம் வழங்கப்படும் முறையிலேயே அது வேரூன்றி நிற்கின்றது.

இத்தகைய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நடப்பது யாது? அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்து மலைக்காட்டில் உள்ள ஹபாட் புறூக் நிலையத்தை உதாரணமாகக் கொள்வோம். 1955ஆம் ஆண்டிலே அந்நாட்டு வனச் சேவையினர், காட்டுக்கும் ஆற்று நீருக்குமுள்ள தொடர்பை அறிவதற்காக அதனை அமைத்தனர். 1963ஆம் ஆண்டில் போமன், லைக்கன்ஸ், ஜோன்சன், பியேர்ஸ் என்னும் நால்வர் அங்கே புதியதோர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். மலைச்சரிவிலே மழைநீர் ஒரே ஓடையாய் வந்து சேரும் சிறு பள்ளத்தாக்கு ஒவ்வொன்றையும் அவர்கள் தனித்தனி அலகாகக் கொண்டனர். அதன் அடியிலே பாறை நீர் புகவொட்டாதது. ஆகவே உள்ளே வருவது மழையாலும் பனியாலும், வெளியே போவது ஓடையாலும் ஆவியாலும் என்று கணக்கிட இயலும். ஓடையின் குறுக்கே சிறு அணை கட்டி நீரை அளந்தனர். வாரந்தோறும் மழைநீரையும் ஓடைநீரையும் எடுத்து, அவற்றிலுள்ள இரசாயனப் பொருள்களைக் குறித்து வைத்தனர். வரவும் செலவும் எழுதும் கடைக்காரனின் பேரேட்டைப் போன்றதே அவர்களுடைய ஏடு.

அவ்வேடு சொன்ன செய்திகளுள் ஒன்று காடழிப்பைப் பற்றியது. ஒரு பள்ளத்தாக்கின் மரங்களை 1965ஆம் ஆண்டின் முடிவில் முற்றாக வெட்டி, மூன்று ஆண்டுகள் புதுத் தளிர் எழாமல் தடுத்துப் பார்த்தனர். முதலாண்டிலேயே ஓடையில் நீர் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பெருகிற்று. மண்ணின் வளமாகிய நைத்திரேற்று, குடிநீருக்கு ஏற்ற அளவையும் கடந்து ஓடையிலே கரைந்து போயிற்று. காடு நீரை மாத்திரமன்றி மண்ணின் வளத்தையும் பிடித்து வைத்திருக்கின்றது என்பது எண்களால் நிறுவப்பட்டது.

மற்றச் செய்தி எவரும் எதிர்பாராதது. தொழிற்சாலைகளுக்கு வெகுதூரத்திலுள்ள அம்மலைக்காட்டிலே பெய்த மழை, தொடக்க ஆண்டுகளிலிருந்தே அமிலத் தன்மை மிக்கதாய் இருந்தது. தொலைவிலுள்ள நகரங்களின் அனல் மின்நிலையங்கள் நிலக்கரியை எரித்துக் கக்கிய கந்தகப் புகை, காற்றில் வந்து மழையோடு இறங்குகின்றது என்று பின்னர் தெளிவாயிற்று. 1972ஆம் ஆண்டில் இது கட்டுரையாக வெளிவந்தது. ஆனால், அமிலத்தன்மை ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்று ஐயமறக் கூறுவதற்கு ஏறக்குறைய 18 ஆண்டுகளின் தொடர்ச்சியான அளவைகள் வேண்டியிருந்தன. அவ்வேட்டில் மூன்று நான்கு ஆண்டுகளை மாத்திரம் பிரித்தெடுத்துப் பார்த்தால், ஒரு பகுதி ஏற்றத்தையும், மற்றொரு பகுதி இறக்கத்தையும், வேறொரு பகுதி மாற்றமின்மையையும் காட்டும். மூன்றாண்டு உதவிப்பணத்தோடு அவ்வாராய்ச்சி முடிந்திருக்குமாயின், பிழையான முடிபே உண்மையென நூல்களில் ஏறியிருக்கக்கூடும். 1990ஆம் ஆண்டில் அமெரிக்கா தனது தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திக் கந்தகப் புகைக்கு வரம்பு விதித்தபோது, அதற்கு ஆதாரமாய் நின்றவற்றுள் இந்த ஏடும் ஒன்று. அமில மழையால் மண்ணின் கல்சியம் பெரிதும் கரைந்துபோயிற்றென்பதையும், மழை திருந்திய பின்னரும் காடு உடனே திருந்திவிடாதென்பதையும் அதே ஏடு பின்னர்க் காட்டிற்று.

இங்கே நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அமில மழையைக் கண்டுபிடிப்பதற்காக எவரும் அந்நிலையத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. கொடுத்தவர் கேட்ட கேள்வி வேறு. ஏடு அளித்த விடை வேறு. நீண்டகாலப் பதிவுகளின் சிறப்பியல்பே இதுதான். ஆனால், இச்சிறப்பியல்பே அவற்றுக்குப் பகையாகவும் அமைந்துவிடுகின்றது. நிதி வழங்கும் மன்றங்கள் விண்ணப்பதாரரைப் பார்த்துக் கேட்பன இரண்டு: உமது ஆராய்ச்சியில் புதுமை யாது? அதன் முடிபு எப்போது கிடைக்கும்? 'சென்ற ஆண்டு அளந்ததையே இவ்வாண்டும் அதே முறையில் அளப்பேன்; முடிபு எப்போது கிடைக்குமென்று எனக்குத் தெரியாது' என்பதே நேர்மையான விடை. அவ்விடையை எழுதி எந்த மன்றத்திலும் பணம் பெறுதல் எளிதன்று.

இக்குறையை அமெரிக்கர் உணராதவரல்லர். 1980ஆம் ஆண்டில் அவர்களது தேசிய விஞ்ஞான மன்றம் நீண்டகாலச் சூழலியல் ஆராய்ச்சிக்கென ஒரு தனித் திட்டத்தை ஏற்படுத்தி, ஆறு நிலையங்களைத் தெரிந்தெடுத்தது. இன்று அத்திட்டத்தில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. ஹபாட் புறூக் நிலையமும் 1980களின் பிற்பகுதியில் அதிற் சேர்ந்தது. அங்கே ஒரு தவணை ஆறு ஆண்டுகள். மற்ற உதவிகளோடு ஒப்பிடுமிடத்து இது தாராளமானதே. ஆயினும் ஆறாண்டுக்கொரு முறை ஒவ்வொரு நிலையமும் தன் உயிரை நியாயப்படுத்த வேண்டியிருக்கின்றது. தொடக்கத்திலே தெரிந்தெடுக்கப்பட்ட ஆறனுள் இரண்டு இன்று அத்திட்டத்தில் இல்லை. நிலையம் மூடப்படலாமென்ற அச்சம் இருக்குமிடத்து, அறிஞர் தம் நேரத்தின் பெரும்பகுதியை அளப்பதிலன்றி விண்ணப்பம் எழுதுவதிலே கழிக்க நேரிடுகின்றது.

பணம் தடைப்படும்போது நேர்வது யாதென்பதற்கு மௌனா லோவாவே சான்று. சாள்ஸ் டேவிட் கீலிங் என்பவர் 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அம்மலையிலே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து இலட்சம் பங்கு காற்றிலே ஏறக்குறைய 315 பங்கு அவ்வாயு இருந்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி 424ஐக் கடந்துவிட்டது. உலகம் வெப்பமடைவதைப் பற்றிய இன்றைய அறிவுக்கு அடிப்படையாய் நிற்கும் வரைபு இது. இவ்வரைபைக் கூர்ந்து நோக்குவோர் 1964ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சிறியதொரு வெற்றிடத்தைக் காண்பர். செலவுக் குறைப்பினால் சில மாதங்கள் அளவை நின்றுபோனமையின் அடையாளம் அது. அன்று மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்றென்று எவருக்கும் நினைவில்லை. வெற்றிடமோ இன்றும் உள்ளது. அவ்வாண்டுக் காற்றை இனி எந்தப் பொருள் கொடுத்தும் வாங்க இயலாது. இடிந்த பாலத்தை மறுபடி கட்டலாம். மூடிய பாடசாலையை மறுபடி திறக்கலாம். அளக்காமல் விட்ட ஆண்டை மறுபடி அளத்தல் இயலாது. மற்றெல்லாச் செலவினங்களிலுமிருந்து இதனை வேறுபடுத்துவது இதுவே.

கனடாவில் நடந்தது இன்னுமொரு பாடம். ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கிலே, மக்கள் வாழாத காட்டுப் பகுதியில், 1968ஆம் ஆண்டில் பல சிறு ஏரிகள் பரிசோதனைக்கென ஒதுக்கப்பட்டன. ஆய்வுகூடத்துக் குடுவையிலன்றி உயிருள்ள ஏரி முழுவதிலும் பரிசோதனை செய்யக்கூடிய இடம் உலகில் அரிது. 226ஆம் இலக்க ஏரியை 1973ஆம் ஆண்டிலே திரையொன்றால் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் காபனும் நைதரசனும் இட்டனர். மறு பாதியில் அவற்றோடு பொசுபரசையும் சேர்த்து இட்டனர். பொசுபரசு இட்ட பாதி பாசி படர்ந்து பச்சையாயிற்று. மற்றது தெளிந்தே இருந்தது. டேவிட் ஷின்ட்லரும் அவருடைய துணைவரும் ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம், சலவைத் தூளில் உள்ள பொசுபரசே நீர்நிலைகளைக் கெடுக்கின்றது என்ற வாதத்தை, படிப்பறியாதவரும் உணரும்படி செய்தது. அயலிலுள்ள 227ஆம் இலக்க ஏரியிலோ 1969 முதல் உரமிட்டு வருகின்றனர். 1990ஆம் ஆண்டிலிருந்து நைதரசனை நிறுத்திப் பொசுபரசை மாத்திரம் இட்டும் பசுமை நீங்கவில்லை. இத்தகைய விடை ஐந்தாண்டிற் கிடைப்பதன்று.

இந்நிலையத்தை நடத்துவதற்கு ஆண்டொன்றுக்கு வேண்டியிருந்தது ஏறக்குறைய 20 இலட்சம் கனடிய டொலர். 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு மத்திய அரசாங்கம், அடுத்த ஆண்டு மார்ச் மாதத்துடன் அதனை மூடிவிடுவதாக அறிவித்தது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். இறுதியிலே ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் பணம் தர முன்வந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி, பேண்தகு அபிவிருத்திக்கான சர்வதேச நிறுவனம் நிலையத்தைப் பொறுப்பேற்றது. நிலையம் பிழைத்தது உண்மை. ஆனால், ஒரு நாட்டின் நீர்நிலைகள் அனைத்துக்கும் பயன்படும் அறிவு, வீதியில் நின்று கூவியவர்களின் விடாமுயற்சியால் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது என்பது அந்நாட்டின் நிதிமுறைக்குப் பெருமை தருவதன்று.

அப்படியாயின் செய்யக்கூடியது யாது? இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் பண்ணை இதற்கு ஒரு விடை தருகின்றது. ஜோன் லோஸ், ஜோசப் கில்பேட் என்னும் இருவர் 1843ஆம் ஆண்டிலே அங்கே புறோட்பாக் வயலில் கோதுமை விதைத்து, உரமிட்ட பாத்தியையும் உரமிடாத பாத்தியையும் ஒப்பிடத் தொடங்கினர். அப்பரிசோதனை இன்றும் நடக்கின்றது. உரத் தொழிலிலே செல்வம் ஈட்டிய லோஸ், தமக்குப் பின்னர் வேலை நின்றுவிடலாகாதென்று 1889ஆம் ஆண்டில் 100,000 பவுணை மூலதனமாக வைத்து ஒரு தருமநிதியை நிறுவினார். ஆண்டாண்டாகத் திரண்டு கிடந்த எண்களை ஆராயவென 1919ஆம் ஆண்டில் அங்கே சென்ற றொனால்ட் பிஷர், புள்ளிவிவரவியலின் பல அடிப்படை முறைகளை அங்கிருந்தே வகுத்தார். பழைய மண்ணும் தானியமும் போத்தல்களில் அடைத்துப் பேணப்பட்டமையால், வளிமண்டலத்திலிருந்து மண்ணிற் சேர்ந்த நஞ்சுகளைப் பிற்காலத்தார் அவற்றிலே தேடிக் காண முடிந்தது. லோசின் காலத்தில் அந்நஞ்சுகளுக்குப் பெயரும் இல்லை; அளக்கும் கருவியும் இல்லை. தருமநிதி மாத்திரம் இன்றைய செலவு முழுவதற்கும் போதியதன்று; அரசாங்க உதவியும் அங்கே பெறப்படுகின்றது. எனினும், ஒரு மூலதனம் இருந்தமையால், அரசியற் காற்று மாறியபோதெல்லாம் வேலை அறாது நிலைத்தது.

நமது கோயில்களுக்கு விளக்கெரிக்க நிலம் எழுதி வைத்தவர் செய்ததும் இதுவன்றோ? ஆண்டுதோறும் ஊரவரிடம் எண்ணெய் கேட்டு அலையும் விளக்கு என்றோ ஒரு நாள் அணையும் என்பதை அவர் அறிந்திருந்தனர். நீண்டகால ஆராய்ச்சிக்கு வேண்டியதும் பெருந்தொகையன்று. சிறிதாயினும் இடையறாத தொகை. புதிய கேள்விகளுக்கு மூன்றாண்டு, ஆறாண்டு உதவிகள் தொடர்ந்து வழங்கப்படட்டும். போட்டி அங்கே நன்மையே செய்யும். ஆனால் மழைமானியைப் பார்ப்பவனுக்கும், மரத்தை அளப்பவனுக்கும், ஏட்டைப் பேணுபவனுக்கும் உரிய அடிப்படைச் செலவை அப்போட்டியிலிருந்து பிரித்துத் தனி நிதியில் வைத்தல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். முடிவில்லாத பணம் சோம்பலை வளர்க்கும் என்பர். பயனற்றுப்போன நிலையங்களும் பழமையின் பெயரால் உயிர்வாழும் என்பர். ஏழை நாட்டுக்கு மருத்துவமனை முந்தியதா, மரம் எண்ணுதல் முந்தியதா என்றும் வினவுவர். இவை தட்டிக் கழிக்கத்தக்க மறுப்புகளல்ல. ஒவ்வொரு நிலையமும் காலத்துக்குக் காலம் சோதிக்கப்படவே வேண்டும். ஆனால் அச்சோதனையிற் கேட்கவேண்டிய கேள்வி, 'இவ்வாண்டு புதிதாக என்ன கண்டீர்' என்பதன்று. 'செவ்வையாக அளந்தீரா, பதிவைப் பேணினீரா, பிறர் பயன்படுத்த அதனைத் திறந்து வைத்தீரா' என்பதேயாம். மூடத்தான் வேண்டுமாயின், முன்னறிவித்தல் கொடுத்து, ஏடுகளையும் மாதிரிகளையும் பொறுப்பான இடத்திற் சேர்ப்பித்து மூடுதல் வேண்டும். மருத்துவமனையோடு இதனைப் போட்டியிட வைப்பதும் பொருந்தாது. குடிநீர் கெடுவதையும் மழை மாறுவதையும் முன்னறிவிப்பவை இவ்வேடுகளே; அவற்றின் பயன் மருத்துவமனையின் வாயிலுக்கு வராமற் போன நோயாளரிலே தங்கியுள்ளது. அவர்களை எவரும் எண்ணுவதில்லை.

இவை யாவும் செல்வ நாடுகளின் கவலைகள் என்று நாம் ஒதுங்கியிருத்தல் இயலாது. நம் நாட்டின் சிங்கராஜ வனத்திலே 1993ஆம் ஆண்டில் 25 ஹெக்டேயர் பரப்புள்ள ஒரு நிலம் அளந்து குறிக்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் வெளிநாட்டு நிறுவனங்களின் ஒத்துழைப்போடு இதனைத் தொடங்கினர். ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டமுள்ள மரம் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, இனமறிந்து, பருமனளந்து பதிவு செய்தனர். அவ்வாறு பதிவானவை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள். அவற்றின் இனங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு முதுமலைக் காட்டிலும் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் 1988ஆம் ஆண்டு முதல் 50 ஹெக்டேயர் நிலத்திலே இத்தகைய கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். ஒன்று என்றும் ஈரம் வற்றாத மழைக்காடு. மற்றது தீயும் யானையும் உலாவும் வறண்ட காடு. ஒரே முறையில் அளக்கப்படுவதால் இரண்டையும் ஒப்பிடலாம். பனாமாவிலும் மலேசியாவிலும் உள்ள நிலங்களோடும் ஒப்பிடலாம்.

இக்காடுகளின் வாழ்வு நூற்றாண்டுகளால் அளக்கப்படுவது. முப்பது ஆண்டு ஏடு அதன் முன்னுரை மாத்திரமே. அதனைத் தொடங்கியவர்களின் மாணவர்களும் ஓய்வுபெறும் காலம் வரும். அப்போது அம்மரங்களின் பெயரறிந்து, பட்டையைப் பார்த்தே இனம் கூறவல்லவர் யார் இருப்பர்? பணம் நின்றால் முதலிற் போவது கருவியன்று, இத்தகைய மனிதர். கருவியை மறுபடி வாங்கலாம். இருபது ஆண்டு காட்டில் நடந்து பெற்ற கண்ணை வாங்க முடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நேரிற் கண்ட நமக்கு, வெளிநாட்டு நாணயத்தையும் பிறர் உதவியையும் நம்பி நிற்கும் வேலை எத்துணை நொய்மையானதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே இத்தகைய பதிவுகளுக்கென நம்முடைய சொந்தப் பணத்திலே, அளவிற் சிறியதாயினும் எவரும் தொடமுடியாததொரு மூலதனம் அமைத்தல் பல்கலைக்கழகங்களும் அரசாங்கமும் ஆலோசிக்கத்தக்கதாகும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதிலே பங்குண்டு. சோதனைக்குரிய பாடத்தைப் போலன்றி, ஒரே குளத்தின் நீர்மட்டத்தையோ ஒரே தோட்டத்தின் மழையையோ ஆண்டுதோறும் குறித்து, அடுத்த வகுப்பாரிடம் ஏட்டை ஒப்படைக்கும் வழக்கம் ஒரு பாடசாலையில் வேரூன்றுமாயின், அப்பாடசாலையிற் கற்றவர் ஒருவர் பிற்காலத்தில் திறைசேரியிலே அமரும்போது, தொடர்ச்சி என்பதன் பெறுமதியை அறிந்தவராய் அமர்வார். செலவினங்களைக் குறைக்கும் பட்டியல் அவர் முன் வைக்கப்படும் நாளில், காட்டின் பெயர் எழுதிய அச்சிறு வரியைக் கோடிட்டு அழிக்குமுன் அவருடைய பேனை சற்றே நிற்கும்.